வான்படத்தில் கொக்கு எண்ணும் பிள்ளைகள்: ஒருவர் தப்பாக எண்ணினால் ஆய்வு கெட்டுவிடுமா?

சிப்புட் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் அறிவியல் கழகத்தில் ஆண்டு 5, 6 மாணவர்கள் பதினான்கு பேர் இருக்கிறார்கள். விமானத்திலிருந்தும் ட்ரோனிலிருந்தும் எடுத்த படங்களை இணையத்தில் பொதுமக்களுக்குக் காட்டி, அவற்றில் உள்ள விலங்குகளை எண்ணித் தரச் சொல்லி, அந்த எண்ணிக்கையை ஆய்வாளர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்று அண்மையில் அறிந்தேன். இவ்வாண்டின் புறப்பாட நடவடிக்கையாக இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று ஓர் எண்ணம்.

அதற்கு முன் ஒரு வெள்ளோட்டம் பார்த்தேன். எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் ஒருவர் செம்பனைத் தோட்டம் ஒன்றில் ட்ரோன் இயக்கும் பணியில் இருக்கிறார். மரக் கணக்குக்காக அவர் முறையான அனுமதியோடு எடுத்த படங்களில், தோட்டத்து எல்லையில் இருக்கும் பழைய ஈய லம்பக் (சுரங்கக்) குட்டையும் அதில் இறங்கியிருந்த கொக்குகளும் விழுந்திருந்தன. அதில் ஒரு படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து, நான்கு மாணவர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து எண்ணச் சொன்னேன். 61, 58, 63 என்று மூவர் எழுதினார்கள். நான்காமவன் 97 என்று எழுதினான். நான் எண்ணியபோது 66 வந்தது. ஒரே படம், ஐந்து பேர், ஐந்து விடைகள்.

இப்போது எனக்குத் தயக்கமாக இருக்கிறது. குட்டையில் மிதக்கும் பிளாஸ்டிக் பைக்கும் கொக்குக்கும் வேறுபாடு தெரியாத பிள்ளை ஆப்பிரிக்க விலங்குகளை எண்ணிக் கொடுத்தால் அது அறிவியலுக்கு உதவியா, உபத்திரவமா? 97 எழுதியவனின் கணக்கை ஒதுக்கிவிட்டு மற்றதற்குச் சராசரி எடுப்பது நேர்மையான செயலா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வேன்.

எண்ணும் எழுத்தும்

வணக்கம், ஆசிரியை அவர்களே. நான் பினாங்கில் உயிரியல் தரவுகளோடு வேலை செய்பவன். உங்கள் ஐந்து எண்களையே எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

ஐந்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 69 வரும். ஐவரில் நால்வர் அதற்குக் கீழே நிற்கிறார்கள். ஒரே ஒரு மாணவன் எல்லாரையும் தன் பக்கம் இழுத்துவிட்டான். ஆனால் எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 63 கிடைக்கும். அவன் 97 எழுதியிருந்தாலும் 970 எழுதியிருந்தாலும் அந்த நடு எண் அசையாது. யாருடைய கணக்கையும் கையால் தூக்கி எறிய வேண்டியதில்லை. இப்படிப்பட்ட திட்டங்களில் ஒரு படத்தைப் பலருக்குக் காட்டுவதற்குக் காரணம் இதுதான். தவறுபவர்கள் இருப்பார்கள் என்பதை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

உண்மையில் இது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. தான்சானியாவின் செரெங்கெட்டியில் வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் இனத்தின் மந்தைகள் மழைக்காலத்தில் மரமற்ற குட்டைப் புல்வெளிகளில் ஒன்றுகூடும். அப்போது விமானம் இணைகோடுகளாகப் பறந்து படம் எடுக்கும். படங்களில் விழுந்த விலங்குகளை எண்ணி, படம் பிடித்த நிலத்தின் பரப்பைக் கொண்டு அடர்த்தியைக் கணக்கிட்டு, முழுப் பகுதிக்கும் பெருக்குவார்கள். பறப்பது சில நாள் வேலை, எண்ணுவதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே 2015-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் படங்களை ஸூனிவர்ஸ் என்னும் பொதுமக்கள் ஆய்வு இணையத்தளத்தில் ஏற்றிப் பொதுமக்களிடம் கொடுத்தார்கள். அதே படங்களை எண்ணக் கணினிக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 2019-இல் வெளிவந்த ஆய்வின்படி, பொதுமக்களின் கணக்குகளைச் சலித்தெடுத்த பிறகு, இரண்டு வழிகளிலும் கிடைத்த மொத்த எண்ணிக்கை மிகத் துல்லியமாக இருந்தது. ‘சலித்தெடுத்த பிறகு’ என்ற சொற்களைக் கவனியுங்கள். சலிக்காமல் அப்படியே கூட்டியிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது.

எண்ணுவது என்பது பெயர் சொல்வதைவிடக் கடினமான வேலை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அதே செரெங்கெட்டியில் தரையில் வைத்த 225 தானியங்கிக் கேமராக்களின் படங்களை 28,000 தன்னார்வலர்கள் பார்த்துத் தந்தார்கள். வல்லுநர்களின் விடையோடு ஒப்பிட்டபோது, இன்ன விலங்கு என்று சொன்னதில் 96.6 விழுக்காடு சரி. எத்தனை விலங்கு என்று சொன்னதில் 90 விழுக்காடுதான் சரி.

உங்களுக்கு என் ஆலோசனை ஒன்று. மொத்தத்தை மட்டும் கேட்காதீர்கள். ஒவ்வொரு பறவையின் மீதும் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பென்குயின்களை எண்ணும் திட்டங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்: பலர் வைத்த புள்ளிகள் ஓரிடத்தில் குவிந்தால் அங்கே பறவை இருக்கிறது என்று கொள்வார்கள், தனியாக நிற்கும் புள்ளியை விட்டுவிடுவார்கள். கொக்கு எத்தனை என்பதோடு, யார் எங்கே இடறினார்கள் என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

பழைய கிராணி

ஆசிரியைக்கு வணக்கம். முப்பத்தோரு ஆண்டுகள் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். வனவிலங்கைப் பற்றி எனக்குத் தெரியாது. எண்ணுவதைப் பற்றித் தெரியும்.

செம்பனைத் தோட்டத்தில் அடுத்த சில மாதங்களுக்கு எவ்வளவு பழம் வெட்ட முடியும், எத்தனை லாரி வேண்டும், எத்தனை ஆள் வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்வதற்காக, இன்னும் பழுக்காமல் மரத்தில் நிற்கும் கறுப்புக் குலைகளை எண்ணுவோம். ஒரு ஹெக்டரில் 136 முதல் 148 மரங்கள் வரை நிற்கும். ஆயிரம் ஹெக்டர் தோட்டத்தில் எல்லா மரத்தையும் எண்ணப் போனால், எண்ணி முடிப்பதற்குள் பழம் உதிர்ந்துவிடும். ஆகவே பத்து நிரைக்கு ஒரு நிரை என்று எடுத்துக்கொள்வோம். பத்தாவது நிரை மேட்டில் ஏறினாலும் சதுப்பில் இறங்கினாலும் அதில்தான் நடக்க வேண்டும். நடப்பதற்கு வசதியான நிரையாகப் பார்த்துப் போனால் கணக்கு அங்கேயே கெட்டது. மேலே நண்பர் எழுதிய விமானத்தின் இணைகோடுகளைப் படித்தபோது, இவர்களும் நிரை பிடித்துத்தான் போகிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

இன்னொன்றும் உண்டு. மட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் குலை, நிரையின் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. மரத்தைச் சுற்றி வந்தால்தான் தெரியும். சுற்றி வராமல் பத்துப் பேர் ஒரே பக்கத்தில் நின்று எண்ணினால், பத்துப் பேரும் ஒரே எண்ணைச் சொல்வார்கள்; பத்துப் பேருக்கும் தப்பாகவே வரும். பலர் சொல்வது ஒத்துப்போகிறது என்பதற்காக அது சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் வேலை செய்த ஓரிடத்தில் (பெயர் வேண்டாம்) சென்ற முறை வந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே இந்த முறையும் வர வேண்டும் என்று மேலிடத்து எதிர்பார்ப்பு இருந்தது. அதைத் தெரிந்துகொண்டு காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) முடிந்ததும் நிழலில் உட்கார்ந்தே எண்ணை எழுதிக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தத் தாள்கள் பார்வைக்கு அழகாக இருக்கும்; கூட்டல் பிழையே இருக்காது. உங்கள் 97 எழுதிய பையன் குறைந்தது படத்தைப் பார்த்து எண்ணியிருக்கிறான். அவனைத் திட்டிவிடாதீர்கள்.

ஈப்போக்காரன்

எல்லாரும் உற்சாகமாக எழுதுகிறீர்கள். நான் சற்று மாற்றிப் பேசுகிறேன், மன்னிக்கவும்.

முதல் செய்தி, கணினி எண்ணக் கற்றுக்கொண்டுவிட்டது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் பிள்ளைகளின் வேலை அந்தக் கணினிக்குப் பாடம் நடத்துவது மட்டும்தான். கூலி இல்லாமல் உழைத்துக் கொடுத்துப் பழகிய சமூகம் நம்முடையது. இப்போது நம் பிள்ளைகளையும் இணையத்தில் கூலியில்லா வேலைக்கு அனுப்ப வேண்டுமா?

இரண்டாவது, இது புல்வெளி நாட்டுக்கு ஏற்ற வித்தை. நம் காட்டை மேலிருந்து படம் எடுத்தால் இலை தெரியும், வேறென்ன தெரியும்? சுங்கை சிப்புட் பக்கம் யானை இறங்கி வாழையைச் சாய்த்துவிட்டுப் போகிறது. அதை எந்த விமானத்திலிருந்து எண்ணுவீர்கள்?

எண்ணும் எழுத்தும்

ஈப்போ நண்பரின் இரண்டு கேள்விகளும் நியாயமானவை. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்த பகுதி.

மேலிருந்து விலங்கு தெரியாவிட்டால், விலங்கு விட்டுச் சென்றதை எண்ணலாம். சபாவில் ஓராங் ஊத்தானை இப்படித்தான் எண்ணினார்கள். அது ஏறக்குறைய ஒவ்வொரு நாள் மாலையும் மர உச்சியில் கிளைகளை வளைத்துப் புதிய கூடு ஒன்று கட்டிப் படுக்கும். குரங்கு இலைக்குள் மறைந்திருந்தாலும் கூடு மேலிருந்து தெரியும். ஹெலிகாப்டரில் கோடு பிடித்துப் பறந்து கூடுகளை எண்ணி, ஒரு கூடு எத்தனை நாள் கலையாமல் இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு, சபாவில் ஏறக்குறைய 11,000 ஓராங் ஊத்தான்கள் இருப்பதாக 2005-இல் வெளியிட்டார்கள். யானைக்கு அந்த வழியும் இல்லை. தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் காட்டுக்குள் கோடு கோடாக நடந்து சாணக் குவியல்களை எண்ணினார்கள். 631 என்று விடை வந்தது. ஆனால் அந்த எண்ணோடு, உண்மை 436-க்கும் 915-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம் என்றும் எழுதினார்கள். பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்ட நினைப்பது 631-ஐ அல்ல, அந்த இடைவெளியைத்தான்.

பழைய கிராணி ஐயா சொன்ன ‘ஒரே பக்கத்தில் நின்று எண்ணும்’ சிக்கல் விமானக் கணக்கின் பழைய நோய். 1958-இல் செரெங்கெட்டியில் முதன்முதலாக விமானத்திலிருந்து எண்ணியவர்கள் ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் கிரிஸிமெக்கும் அவருடைய மகன் மைக்கேலும். பறந்துகொண்டே கண்ணால் எண்ணினார்கள். வில்டபீஸ்ட் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு என்றார்கள். மூன்றே ஆண்டுகளில், 1961-இல், வான்படங்களை வைத்து எண்ணியபோது இரண்டரை லட்சத்துக்கு மேல் வந்தது. முந்தைய கணக்கில் நிறைய விலங்குகள் விடுபட்டிருந்தன என்பதே இன்றைய கருத்து. அதற்குப் பிறகு வெக்கை நோய் (மாடுகளையும் அவற்றைப் போன்ற விலங்குகளையும் கொல்லும் தொற்று) கட்டுப்பட்டதால் மந்தை உண்மையாகவே பெருகி, 1977 வாக்கில் 13 லட்சத்தை எட்டியது. எண் கூடினால் விலங்கு பெருகிவிட்டது என்று உடனே சொல்லிவிட முடியாது, பார்க்கும் முறை திருந்தியதாகவும் இருக்கலாம். படம் என்று ஒன்று கையில் இருந்தால், பிறகு சந்தேகம் வரும்போது திரும்ப எண்ணலாம். பறந்துகொண்டே சொன்ன எண்ணைத் திரும்ப எண்ண வழியில்லை.

கூலிக் கேள்விக்கு வருகிறேன். அந்த 2019 ஆய்விலேயே, கணினி மிக விரைவாக எண்ணியது என்று சொல்லிவிட்டு, அதற்கான பயிற்சித் தரவை உருவாக்கியதில் தன்னார்வலர்களின் பங்கு முக்கியமானது என்றும் எழுதியிருக்கிறார்கள். நண்பர் சொன்னதை ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இருந்தாலும், அண்டார்டிகாவில் வெடல் சீல் என்னும் கடல்நாய்களை எண்ணியதை நினைத்துப் பாருங்கள். 2011 நவம்பர் மாதச் செயற்கைக்கோள் படங்களை 3 லட்சத்து 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அலசியதால்தான், அந்தக் கண்டம் முழுவதற்குமான முதல் கணக்கு, ஏறக்குறைய 2 லட்சத்து 2 ஆயிரம் பெண் சீல்கள் என்று, 2021-இல் வெளிவந்தது. அதில் பெரும்பாலோர் செய்த வேலை ‘இந்தப் படத்தில் சீல் இல்லை’ என்று சொன்னதுதான். யார் லாபம் அடைகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சேர்வதும் சேராமல் இருப்பதும் ஆசிரியையின் உரிமை. ஆண்டு 6 மாணவர்களுக்கு அந்தக் கேள்வியையே ஒரு பாடமாக வைக்கலாம் என்பேன்.

ஒரு சிறு குறிப்பு: ஸூனிவர்ஸில் கணக்குத் திறக்காமலேயே படங்களை எண்ணலாம். கணக்குத் திறப்பதானால், 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் கேட்பார்கள்.

சிப்புட் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. ஈப்போ ஐயா கேட்டதை மாணவர்களிடம் அப்படியே சொன்னேன். பாதிப் பேர் ‘பரவாயில்லை’ என்றார்கள், பாதிப் பேர் ‘நம் குட்டையை முதலில் எண்ணுவோம்’ என்றார்கள். ஆகவே ஆப்பிரிக்கா சற்றுக் காத்திருக்கட்டும்.

புள்ளி வைக்கச் சொன்ன யோசனையை நேற்றுச் செய்து பார்த்தோம். அதே படத்தின் மேல் ஆளுக்கு ஒரு கண்ணாடித் தாளை விரித்து, ஆளுக்கு ஒரு நிற மையில் புள்ளி வைக்கச் சொல்லி, ஐந்து தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நிறங்கள் குவிந்த இடங்களை எண்ணினால் 62 வந்தது.

பிறகு 97 எழுதிய மாணவனின் சிவப்புப் புள்ளிகளை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தோம். அவற்றில் 60 மற்றவர்களோடு ஒத்துப்போயின. 34 புள்ளிகள் கொக்கே இல்லாத இடங்களில் இருந்தன. ட்ரோன் சில விநாடிகள் கழித்து எடுத்த அடுத்த படத்தை முன்னாள் மாணவரிடம் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது காரணம் விளங்கியது. பெரும்பாலானவை தண்ணீரில் பட்டுத் தெறித்த வெயில். அடுத்த படத்தில் அந்த வெள்ளைகள் இடம் மாறியோ மறைந்தோ போயிருந்தன. மீதி, நான் பயந்தது போலவே, கரையோரம் ஒதுங்கிய பிளாஸ்டிக் பைகள்.

60-ஐயும் 34-ஐயும் கூட்டினால் 94. இன்னும் மூன்று புள்ளிகள் குட்டையின் வடக்குச் சேற்றில், பழுப்பு மண்ணின் மேல் இருந்தன. அங்கே ஒன்றுமில்லை என்று நான் உட்பட நால்வரும் சொன்னோம். அவனோ ‘இருக்கிறது, கழுத்தைச் சுருக்கி உட்கார்ந்திருக்கிறது’ என்று பிடிவாதமாக நின்றான். அடுத்த படத்தில் அதே சேற்றின் மேல் இரண்டு பறவைகள் வெள்ளைச் சிறகை விரித்து எழும்பிக்கொண்டிருந்தன. மூன்றாவது அதே இடத்தில் கழுத்தை நீட்டியிருந்தது. அவை மடையான்கள். உட்கார்ந்திருந்தால் சேற்று நிறம், பறந்தால் வெள்ளை. நாங்கள் நால்வரும் வெள்ளையைத் தேடினோமே தவிர, பறவையைத் தேடவில்லை. மூன்று நிறம் குவிந்தால்தான் பறவை என்ற விதிப்படி போயிருந்தால் அந்த மூன்றும் கணக்கிலிருந்து விழுந்திருக்கும்.

ஆக, எங்களால் கண்டுபிடிக்க முடிந்தவரை, படத்தில் 65 பறவைகள். நான் எழுதிய 66 இதற்கு மிக அருகில் இருப்பதாக மகிழ முடியவில்லை. என் தாளைச் சரிபார்த்தபோது நான் நான்கு பிளாஸ்டிக் பைகளைச் சேர்த்து, மூன்று மடையான்களை விட்டிருந்தேன் என்பதை மாணவர்கள் கண்டுபிடித்துக் கைதட்டினார்கள்.

எண்ணும் எழுத்தும் ஐயாவுக்கு ஒரு கேள்வி: ஒருவர் மட்டுமே பார்த்த இத்தகைய புள்ளிகளைப் பெரிய திட்டங்களில் என்ன செய்வார்கள்?

எண்ணும் எழுத்தும்

விட்டுவிடுவார்கள், பெரும்பாலும். சேர்த்தால் 34 போலி, விட்டால் 3 உண்மை. எதில் நட்டம் குறைவு என்று பார்த்து விதியை வைக்கிறார்கள். அந்த நட்டத்தை ஈடுகட்ட, படங்களில் சிலவற்றை மட்டும் வல்லுநர்கள் நிதானமாகத் திரும்ப எண்ணி, பொதுக் கணக்கில் எத்தனை விழுக்காடு குறைகிறது அல்லது கூடுகிறது என்று கண்டு, அதைக் கொண்டு முழுக் கணக்கையும் திருத்துவார்கள். நீங்கள் நேற்று அடுத்த படத்தை வாங்கிச் செய்தது அதேதான். இனி எண்ணும் படங்களில் வெள்ளைக்கு ஒரு நிறப் புள்ளி, பழுப்புக்கு வேறு நிறப் புள்ளி என்று பிரித்து வைக்கச் சொல்லுங்கள். தேடச் சொன்னால்தான் கண் தேடும்.

ட்ரோனைப் பற்றி ஒரு வேண்டுகோள். கொக்குகள் கூடு கட்டியிருக்கும் காலத்தில் தாழப் பறக்கவிட வேண்டாம் என்று அந்த முன்னாள் மாணவரிடம் சொல்லுங்கள். படத்தில் மடையான்கள் எழும்பியதற்கு ட்ரோனேகூடக் காரணமாக இருக்கலாம்.

பழைய கிராணி

படத்தோடு நிறுத்திவிடாதீர்கள், ஆசிரியை. கரையிலும் ஒருமுறை நின்று எண்ணுங்கள், அதுதான் மரத்தைச் சுற்றி வருவது. நம் பக்கத்தில் மாலை ஆறரை மணி தொடங்கிக் கொக்குகள் அடைவதற்குத் திரும்பும். ஏழே கால் வரை வந்துகொண்டே இருக்கும். பதினான்கு பிள்ளைகளையும் ஒரே திசையைப் பார்க்கச் சொன்னால் ஒரே கொக்கைப் பதினான்கு தடவை எண்ணுவார்கள். குட்டையின் நான்கு பக்கமும் மும்மூன்று பேராக நிறுத்தி, தங்கள் பக்கத்திலிருந்து உள்ளே வருவதை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். வெளியே போவதைத் தனியாகக் குறிக்க வேண்டும். மீதி இருவர் நேரத்தைப் பார்த்து எழுதட்டும். அந்தச் சிவப்பு மைப் பையனை வடக்குச் சேற்றுப் பக்கம் நிறுத்துங்கள். பெற்றோர் இருவர் கூட வர வேண்டும், கரையில் கம்பி வேலி இல்லாத இடம் உண்டு. வரும் சனிக்கிழமை மழை இல்லையென்றால் நானும் வருகிறேன். பழைய எண்ணும் கருவி ஒன்று என்னிடம் இருக்கிறது, கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஏறும்.